துண்டுக்குள்ளே விலை பேசுகிறார்கள்!

நேற்று மாலை 6 டாலர் 61 சென்ட். இன்று காலை 9 டாலர் 25 சென்ட் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். ஓர் இரவுக்குள் நூற்றுக்கு நாற்பது உயர்வு!

என்ன நடந்துவிட்டது அந்த ஓர் இரவில்? பட்டறைக்குப் புது யந்திரம் வந்ததா? இல்லை. எஞ்சினீயர்கள் எவரும் காணாத புதுமையைக் கண்டுவிட்டார்களா? இல்லை. செய்யும் பொருள் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது. செய்யும் கைகளும் அதே கைகள்தாம். அந்தக் கைகள் வாங்கும் சம்பளமும் அதே சம்பளந்தான். ஏறியது ஒன்றே ஒன்று, காகிதத்தின் விலை! ஏற்றிவிட்டது ஒரே ஒரு சேதி: “இந்தச் சின்னக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி விழுங்கப் போகிறது!”

விழுங்கப்படப் போகிறவன் வீட்டிலே கவலை இருக்கும். அதுதான் உலக வழக்கம். பங்கு மார்க்கெட்டிலோ வாணவேடிக்கை! யார் வாங்குவார், எத்தனை டாலருக்கு வாங்குவார், இன்னொருவர் போட்டிக்கு வருவாரா என்று ஊகப் பேரம் சூடு பிடிக்கிறது. ஆரூடம் சொல்வோர் கூட்டம் கூடிவிடுகிறது. அந்தக் கூட்டத்திலே எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. “உள்ளே வேலை செய்கிறானே, அவன் கதி என்ன?”

தோழர்களே! அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே ஒரு கம்பெனியின் கதையை இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கற்பனைக் கதையல்ல, அமெரிக்க நாட்டிலே நடந்த கதை. தொடக்கமும் முடிவும் பதிவாகியிருக்கிற கதை.

அட்டை செய்த கம்பெனி

கலிபோர்னியா மாநிலத்திலே கோஸ்டா மேசா என்று ஓர் ஊர். அங்கே 1979-ம் ஆண்டு தொடங்கப்பட்டது எமுலெக்ஸ் என்ற கம்பெனி. அது செய்தது என்ன? கம்ப்யூட்டருக்குள்ளே செருகும் ஓர் அட்டை. கேட்பதற்குச் சின்னப் பொருள். ஆனால் அதன் வேலை சின்ன வேலையல்ல.

பாங்கியிலே பணம் எடுக்கிறோம். ரயிலுக்கு டிக்கெட் பதிவு செய்கிறோம். ஆஸ்பத்திரியிலே நோயாளியின் பழைய குறிப்பைத் தேடுகிறார்கள். கணக்கும் குறிப்பும் இருப்பது ஓரிடம். அடுக்கடுக்காய் வட்டுகள் நிறைந்த அலமாரிகளிலே. கேட்டதைத் தேடித் தரும் கம்ப்யூட்டர் இருப்பது வேறோர் இடம். இரண்டுக்கும் நடுவே தகவல் ஓட வேண்டும். சிந்தாமல், சிதறாமல், கண் மூடித் திறப்பதற்குள் ஓட வேண்டும். ‘ஃபைபர் சேனல்’ என்று அந்தப் பாதைக்குப் பெயர். அந்தப் பாதைக்கு வாசற்படிதான் எமுலெக்ஸ் அட்டை. பெரிய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் அந்த அட்டையை வாங்கித் தங்கள் யந்திரங்களிலே பொருத்தி விற்றன.

இதே தொழிலிலே எமுலெக்சுக்கு ஒரே ஒரு பெரிய போட்டியாளர் உண்டு. க்யூலாஜிக் என்று பெயர். அதுவும் வெளியாள் அல்ல. எமுலெக்சிலிருந்தே 1994-ல் பிரிந்து போன பிள்ளை! தாயும் பிள்ளையுமாக உலக மார்க்கெட்டின் பெரும்பகுதியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட கம்பெனிமீதுதான் ஊகக்காரர் கண் எப்போதும் விழும். ஏன்? கம்பெனி சின்னது, விலை கைக்கு எட்டுகிற விலை. கையிலுள்ள தொழில் நுணுக்கமோ பெரியது. பெரிய கம்பெனிகளுக்குத் தேவையானது. புதிதாகக் கற்றுச் செய்ய ஐந்து ஆண்டு ஆகும். கற்றவனை அப்படியே விலைக்கு வாங்கிவிட்டால் ஐந்து மாதத்தில் காரியம் முடியும். இதைத் தெரிந்துகொண்டவர்கள், “இன்றில்லாவிட்டால் நாளை, எவனாவது வாங்கியே தீருவான்” என்று பங்கை வாங்கி மடியிலே கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அட்டை எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. விலை எப்போது ஏறும் என்று தெரிந்தால் போதும்!

பதினாறு நிமிடப் பொய்

வதந்திக்கு எத்தனை வலிமை என்பதை எமுலெக்ஸ் 2000-ம் ஆண்டிலேயே கண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 25-ந் தேதி காலை. “எமுலெக்ஸ் தலைவர் ராஜினாமா! கணக்கிலே கோளாறு! அரசாங்க விசாரணை தொடக்கம்!” என்று ஓர் அறிக்கை செய்தி நிறுவனங்கள் வழியாகப் பரவியது. முந்திய நாள் 113 டாலரளவிலே இருந்த பங்கு, 43 டாலருக்கு விழுந்தது. சேதி பரவிப் பதினாறு நிமிடத்திற்குள் மட்டும் அறுபது டாலர் சரிவு! ஏறத்தாழ 220 கோடி டாலர் மதிப்பு காற்றிலே கரைந்தது. மார்க்கெட் அதிகாரிகள் வியாபாரத்தையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

அறிக்கையிலே ஒரு சொல்லாவது உண்மையா? ஒன்றுகூட இல்லை. எழுதியவன் 23 வயது இளைஞன், கல்லூரி மாணவன். எமுலெக்ஸ் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டி நஷ்டப்பட்டவன். நஷ்டத்தை மீட்கத் தானே ஒரு பொய்யைத் தயாரித்தான். முன்பு தான் வேலை பார்த்த செய்தி விநியோகக் கம்பெனியின் பழக்கத்தை வைத்தே அதை உள்ளே நுழைத்தான். 2 லட்சத்து 40 ஆயிரம் டாலர் சம்பாதித்தான். சில நாளிலே பிடிபட்டான். 2001-ல் 44 மாதச் சிறைத்தண்டனை பெற்றான்.

நியாயம் வென்றது என்று இதோடு விட்டுவிடலாமா? கொஞ்சம் நின்று யோசியுங்கள், தோழர்களே! அந்தப் பதினாறு நிமிடத்திலே கோஸ்டா மேசாவில் ஓர் அட்டையாவது கெட்டுப் போனதா? ஒரு வேலையாளாவது தன் வேலையிலே தவறினானா? இல்லையே! காலையில் அவர்கள் எத்தனை திறமையோடு இருந்தார்களோ, நண்பகலிலும் அத்தனை திறமையோடுதான் இருந்தார்கள். ஆனாலும் அவர்களுடைய கம்பெனியின் ‘மதிப்பு’ பாதிக்கும் கீழே போய், பிறகு மறுப்பு வந்ததும் மேலே ஏறிவிட்டது. அப்படியானால் அந்த மதிப்பு எதை அளக்கிறது? உழைப்பையா? இல்லை. பிறர் என்ன நினைப்பார்கள் என்று பிறர் நினைக்கிறார்களோ, அதை அளக்கிறது!

பொய்யைக் கட்டிவிட்டவன் சிறைக்குப் போனான், சரி. ஆனால் பொய் சொல்லாமல், “வாங்கப் போகிறார்களாம், விற்கப் போகிறார்களாம்” என்று ‘ஆம்’ போட்டுப் பேசிக் காகிதத்தை ஏற்றி இறக்குகிறவனுக்குத் தண்டனை இல்லை. அவனுக்குப் பெயர் முதலீட்டாளன். அவன் செய்வதற்குப் பெயர் மதிப்பீடு!

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை

இப்போது 2009-ம் ஆண்டுக்கு வருவோம். உலகமெங்கும் பாங்கிகள் ஆட்டங்கண்டிருந்த காலம். நல்ல கம்பெனிகளின் பங்குகளும் அடிமாட்டு விலைக்குக் கிடந்த காலம். எரிகிற வீட்டிலே பிடுங்கியது ஆதாயம் என்பார்களே, அந்தக் காலம்.

கோஸ்டா மேசாவுக்குப் பக்கத்து ஊர் இர்வைன். அங்கே இருந்தது பிராட்காம் என்னும் பெரிய சில்லுக் கம்பெனி. வருமானத்திலே எமுலெக்சைப் போல ஒன்பது, பத்து மடங்கு. தகவல் ஓடும் பாதைகள் எல்லாம் ஒன்றாகி, ஈதர்நெட் என்ற ஒரே பாதையில் சேரப் போகின்றன என்று அப்போது பேச்சு. ஈதர்நெட் தெரிந்த பிராட்காமுக்கு ஃபைபர் சேனல் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. முதலில் மறைவாகப் பேசிப் பார்த்தது. எமுலெக்ஸ் நிர்வாகம், “கம்பெனி விற்பனைக்கு இல்லை” என்றது. அதோடு 2009 ஜனவரியில் ‘விஷ மாத்திரை’ என்று அவர்கள் அழைக்கும் ஓர் ஏற்பாட்டையும் செய்து வைத்தது. வெளியாள் குறிப்பிட்ட அளவுக்குமேல் பங்கு சேர்த்தால், மற்றப் பங்குதாரர்களுக்கு மலிவு விலையில் புதுப் பங்குகள் கொடுத்து, வந்தவன் கையிலிருப்பதை நீர்த்துப் போகச் செய்யும் தந்திரம் அது.

ஏப்ரல் 21-ந் தேதி பிராட்காம் திரையை விலக்கியது. “பங்குக்கு 9 டாலர் 25 சென்ட், மொத்தம் 76 கோடி டாலருக்கு மேல்” என்று ஊரறியச் சொன்னது. நிர்வாகத்தைத் தாண்டி நேரே பங்குதாரர்களிடம் போனது. டெலவேர் மாநில நீதிமன்றத்திலே வழக்கும் போட்டது.

அவ்வளவுதான்! எங்கெங்கோ இருந்த ஊகக்காரரெல்லாம் எமுலெக்ஸ் பங்கை வாங்கிக் குவித்தார்கள். பிராட்காம் சொன்ன விலைக்கும் மேலே பங்கு ஏறியது. ஏன்? “முதலில் கேட்ட விலை முடிவான விலையல்ல, இன்னும் ஏற்றுவான்” என்ற கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. ஜூன் கடைசியில் பிராட்காம் 11 டாலராக உயர்த்தியது. மொத்தம் 91 கோடி டாலருக்கு மேல். எமுலெக்ஸ் நிர்வாகம் அதையும் வேண்டாமென்றது. “எங்கள் கம்பெனியின் எதிர்காலம் இதைவிடப் பெரியது” என்பது அவர்கள் வாதம். ஜூலையில் பிராட்காம் கையை உதறிக்கொண்டு எழுந்து போனது. ஏறிய பங்கு இறங்கியது.

மாட்டுச் சந்தையிலே நாம் பார்த்திருக்கிறோம். தரகர் இருவர் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் ஒன்று சொல்லும். விரல் ஒன்று சொல்லும். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் மட்டுமே தெரியும். மாட்டைக் கேட்டா விலை பேசுகிறோம் என்று சொல்லலாம், அது மாடு. ஆனால் கம்பெனி என்பது மாடல்லவே! கட்டடமும் காகிதமும் மட்டுமல்லவே! பிராட்காம் தேடி வந்தது எதை? சுவரையா, நாற்காலியையா? ஃபைபர் சேனல் தெரிந்த மூளைகளையும் கைகளையும் அல்லவா தேடி வந்தது! விலை பேசப்பட்டது அந்த மனிதர்களின் திறமைக்கு. அந்த மனிதர்களோ துண்டுக்கு வெளியே நின்றார்கள். மாதக்கணக்கில் நடந்த பேரத்தில் வாங்க வந்தவன் பேசினான், விற்க மறுத்தவன் பேசினான், வக்கீல் பேசினான், தரகன் பேசினான். வேலை செய்தவன் ஒருவனுக்கும் அங்கே நாற்காலி இல்லை.

நிர்வாகம் எதிர்த்து நின்றதே, அது தொழிலாளிக்காக அல்லவா என்று கேட்கலாம். அப்படியொரு மயக்கம் நமக்கு வேண்டாம். 11 டாலர் போதாது என்றார்களே தவிர, ஆள்களை விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. இருவரும் பேசிய மொழி ஒரே மொழி, டாலர் மொழி!

பதினொன்று எட்டானது

அடுத்த ஆண்டுகளில் என்ன ஆயிற்று? பெண் கிடைக்கவில்லை என்ற கோபமோ என்னவோ, அதே 2009-ல் பிராட்காம் காப்புரிமை வழக்குப் போட்டது. 2012-ல் எமுலெக்ஸ் 5 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பாதைகள் எல்லாம் ஒன்றாகும் என்ற ஜோசியம் அவர்கள் நினைத்த வேகத்தில் பலிக்கவில்லை. பிறகு எலியட் என்னும் முதலீட்டு நிதி நிறுவனம் பங்குகளைச் சேர்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. கம்பெனிக்குள்ளே நுழைந்து குலுக்கி விலையை ஏற்றுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அது. மறுபடி வதந்தி, மறுபடி “யாரோ வாங்கப் போகிறார்கள்”! அந்த நெருக்கடியிலே 2013-ல் நிர்வாகம் இரண்டு முடிவுகளை எடுத்தது. கம்பெனிப் பணத்தைக் கொண்டு பங்குகளைத் திரும்ப வாங்குவது ஒன்று. செலவைக் குறைப்பது மற்றொன்று.

இந்த இரட்டைத் தீர்மானத்தைக் கவனியுங்கள், தோழர்களே! ஒரு கையால் பங்குதாரனுக்கு வாரிக் கொடுப்பது. மறு கையால் வேலை செய்பவன் பக்கம் சுருக்கிக் கொள்வது. ‘செலவு’ என்று அவர்கள் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் அங்கே இருப்பது யார்? நாம்தான்! நம் சம்பளம்தான் அவர்கள் கணக்குப் புத்தகத்தின் செலவு.

கடைசியாக 2015 பிப்ரவரியில் வந்தது முடிவு. அவாகோ என்ற இன்னொரு சில்லுக் கம்பெனி வாங்கிக்கொண்டது. விலை பங்குக்கு 8 டாலர்! மொத்தம் ஏறத்தாழ 60 கோடி டாலர். ஆறு ஆண்டுக்கு முன் 11 வேண்டாமென்று சொன்னவர்கள் எட்டை வாங்கிக்கொண்டார்கள். மே மாதத் தொடக்கத்தில் கைமாற்றம் முடிந்தது.

கதை அதோடு முடியவில்லை. அதே மே மாதக் கடைசியில் அவாகோ இன்னொரு அறிவிப்புச் செய்தது. எமுலெக்சை விழுங்க வந்து ஏமாந்து போன அந்தப் பிராட்காமையே 3,700 கோடி டாலருக்கு வாங்கப் போவதாகச் சொன்னது! 2016 பிப்ரவரியில் வாங்கியும் விட்டது. வாங்கியவன் தன் பெயரைக் கழற்றிவிட்டு, வாங்கப்பட்டவன் பெயரைச் சூட்டிக்கொண்டான். ஆக, எந்தப் பிராட்காமிடம் போகமாட்டேன் என்று 2009-ல் எமுலெக்ஸ் நிர்வாகம் மல்லுக்கு நின்றதோ, அதே பிராட்காம் என்ற பெயர்ப் பலகைக்குக் கீழேதான் அதன் அட்டை போய்ச் சேர்ந்தது. பிரிந்து போன பிள்ளை க்யூலாஜிக்கும் தப்பவில்லை. 2016-ல் கேவியம் என்ற கம்பெனி அதை விழுங்கியது. 2018-ல் கேவியத்தை மார்வெல் என்ற கம்பெனி விழுங்கியது. சின்ன மீனைப் பெரிய மீன். பெரிய மீனை அதைவிடப் பெரிய மீன்!

அவாகோவும் பிராட்காமும் ஒன்றானதும் வெளிவந்த அறிவிப்பு என்ன தெரியுமா? சுமார் 1,900 வேலைகள் நீக்கம். கையெழுத்துப் போட்டவர்கள் அதற்குச் சூட்டிய பெயர் ‘இணைப்பின் பயன்’. பயன் யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை! இந்த 1,900-ல் சேராதவர்களும் உண்டு. எமுலெக்ஸ் அட்டைகளைக் கட்டிக் கொடுத்தவர்கள் ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். பேரத்திலும் அவர்கள் பெயர் இல்லை; நீக்கக் கணக்கிலும் அவர்கள் பெயர் இல்லை.

எதிர்வாதம் என்ன?

நம்மை மறுத்துப் பேசுகிறவர்களின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம்.

“தொழில் வளர வேண்டுமானால் கம்பெனிகள் ஒன்றுசேரத்தான் வேண்டும்; சின்னக் கம்பெனி தனியாக ஆராய்ச்சிச் செலவைத் தாங்க முடியாது” என்கிறார்கள். இருக்கலாம், மறுக்கவில்லை. எமுலெக்ஸ் என்ற பெயரில் அட்டைகள் பின்னரும் பிராட்காம் கடையில் விற்பனைக்கு வந்தன என்பதும் உண்மையே. இணைவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. இணைகிறவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் கேட்டு, மறு பகுதியினரைக் கேட்காமல் இணைப்பதுதான் குற்றம் என்கிறோம்.

“பங்குதாரன் பணத்தைப் போட்டு ஆபத்தை ஏற்கிறான், ஆகவே முடிவு அவனுடையது” என்கிறார்கள். ஆபத்தா? பங்குதாரன் பிடிக்கவில்லையென்றால் ஒரு நொடியில் விற்றுவிட்டுப் போகலாம். பதினைந்து ஆண்டு ஒரே அட்டையின் நுணுக்கத்தைக் கற்றவன் அந்தப் பதினைந்து ஆண்டை எந்த மார்க்கெட்டில் விற்பான்? வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, வயதான தாய் தகப்பன், இவற்றையெல்லாம் தூக்கிக்கொண்டு நாளைக் காலையில் வேறு ஊருக்குப் போவானா? காகிதத்திலே ஆபத்து ஒரு பங்கு. வாழ்க்கையிலே ஆபத்து நூறு பங்கு. ஒரு பங்குக்காரனுக்கு ஓட்டு. நூறு பங்குக்காரனுக்கு வாய்ப்பூட்டு!

“அமெரிக்காவிலே வேலையாளும் பங்கு வைத்திருக்கிறானே” என்று இன்னொரு வாதம். வைத்திருக்கிறான். அவனுடைய சில நூறு பங்கு எங்கே? கம்பெனி கைமாறும்போது மேலதிகாரிகளுக்கென்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் நஷ்ட ஈடு எங்கே? பங்கிலே பத்து டாலர் லாபம் வந்த கையோடு வேலை போனால், அது லாபமா? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை!

முடிவு செய்கிறவர் யார்?

முடிவு செய்பவர்கள் உண்மையில் யார் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சாட்சி. 1824-ல் தொடங்கிய காட்பரி சாக்லெட் கம்பெனியை 2010-ல் கிராஃப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. பேரம் தொடங்கியபோது சில வாரம், சில மாதம் மட்டும் பங்கு வைத்திருக்கும் ஊக நிதிகளின் கையில் இருந்தது நூற்றுக்கு ஐந்து பங்கு. பேரம் முடியும்போது அது முப்பதளவுக்கு வந்துவிட்டது என்று காட்பரியின் தலைவராக இருந்தவரே பின்னர் சொன்னார். 186 ஆண்டுக் கம்பெனியின் விதியை எழுதியவர்கள் நேற்று வந்தவர்கள்!

பேரத்தின்போது கிராஃப்ட் ஒரு வாக்குறுதியும் கொடுத்தது. மூடப்படுவதாக இருந்த சோமர்டேல் தொழிற்சாலையைத் தொடர்ந்து நடத்த முடியும் என நம்புவதாகச் சொன்னது. கம்பெனி கைக்கு வந்தது. சில நாளில் வாக்குறுதி காற்றில் பறந்தது. தொழிற்சாலை மூடப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். சுமார் 400 பேர் வேலை! இங்கிலாந்தின் கைமாற்றக் கண்காணிப்புக் குழு கிராஃப்டைக் கண்டித்தது. கண்டனம் வந்தது, வேலை வரவில்லை.

ஆனாலும் ஒன்று நடந்தது. தொழிலாளர் சங்கத்தாரும் பொதுமக்களும் எழுப்பிய கூச்சல் வீண் போகவில்லை. 2011-ல் விதிகள் திருத்தப்பட்டன. வாங்க வருபவன் வேலைகளையும் தொழிற்கூடங்களையும் என்ன செய்யப் போகிறான் என்று எழுத்திலே சொல்ல வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகள் தங்கள் கருத்தைச் சொல்ல இடம் வேண்டும் என்ற விதிகள் வலுப்பட்டன. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இதுவும் சாட்சி.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே. 2,000 பேருக்குமேல் வேலை செய்யும் கம்பெனியில், மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் தொழிலாளர் பக்கத்துக்கு என்று 1976-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 500 பேருக்குமேல் என்றால் மூன்றில் ஒரு பங்கு. இழுபறி வந்தால் தலைவரின் ஓட்டு முதலாளி பக்கம் சாயும் என்பது உண்மைதான். ஆனாலும் அறைக்குள்ளே உட்கார்ந்திருக்கிறான் தொழிலாளியின் பிரதிநிதி. துண்டுக்குள் எந்த விரல் நீள்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது!

அமெரிக்காவிலோ 1988-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 100 பேருக்குமேல் வேலை செய்யும் இடத்தில் கூட்டமாக வேலைநீக்கம் செய்தால் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு 60 நாள் அவகாசம்! முடிவிலே பங்கில்லை, மூட்டை கட்ட மட்டும் நேரம்.

நம் நாட்டு விதி என்ன சொல்கிறது? ஒருவன் ஒரு கம்பெனியில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கை எட்டினால், மேற்கொண்டு இருபத்தாறு பங்குக்காவது எல்லாப் பங்குதாரருக்கும் விலை சொல்ல வேண்டும் என்பது செபியின் 2011-ம் ஆண்டு விதி. சின்னப் பங்குதாரனுக்குப் பாதுகாப்பு, நல்லது. வதந்தி பரவி விலை அசைந்தால் 24 மணி நேரத்தில் உண்டு இல்லை என்று சொல்ல வேண்டும் என்றும் 2024-ல் விதி வந்தது. முதலில் 100 பெரிய கம்பெனிகளுக்கு, பிறகு 250 கம்பெனிகளுக்கு. அதுவும் நல்லதே. ஆனால் வதந்தி எங்கே அதிகம் விளையாடும்? எமுலெக்ஸ் போன்ற சின்னக் கம்பெனிகளிலே! வேலி போட்டது பெரிய தோப்புக்கு. ஆடு மேய்வது சின்னத் தோட்டத்திலே.

நாம் கேட்பது

நாம் கேட்பது நிலவையல்ல. மூன்றே மூன்று.

கம்பெனி கைமாறும் பேச்சு வெளியே வந்த அன்றே, வாங்க வருபவன் வேலைகளை என்ன செய்யப் போகிறான் என்று எழுத்திலே, தொழிலாளர் சங்கத்தின் கையிலே கொடுக்க வேண்டும். இது ஒன்று.

கொடுத்த வாக்குறுதியை மீறினால் வெறும் கண்டனம் போதாது. வேலை இழந்தவனுக்கு நஷ்ட ஈடு கிடைக்க வேண்டும். இது இரண்டு.

விலையை முடிவு செய்யும் அறையிலே, வேலை செய்பவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவருக்காவது நாற்காலி வேண்டும். சின்னக் கம்பெனிக்கும் இது பொருந்த வேண்டும். இது மூன்று.

ஆறு நாள் பங்கு வைத்திருப்பவனுக்கு ஓட்டு இருக்கிறது. அறுபது மாதம் உழைத்தவனுக்கு இல்லை என்றால், அதை ஜனநாயகம் என்று எந்த அகராதி சொல்லும்?

தோழர்களே! பத்திரிகையின் வியாபாரப் பக்கத்தைப் பணக்காரன் பக்கம் என்று புரட்டிவிட்டுப் போகாதீர்கள். “இந்தக் கம்பெனியை அந்தக் கம்பெனி வாங்கக்கூடும்” என்று ஒரு வரி அங்கே கண்டால் நின்று படியுங்கள். சங்கக் கூட்டத்திலே எடுத்து வையுங்கள். அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களிடம் சொன்னார்களா என்று கேளுங்கள். பங்கு விலை ஏறியது என்று அவர்கள் கைதட்டும் அதே நேரத்தில், எவன் வீட்டு அடுப்புக்கு ஆபத்து என்று கணக்கெடுங்கள். அவர்கள் ஊகம் செய்யட்டும். நாம் அமைப்புச் செய்வோம். விலை நம்முடைய உழைப்புக்குப் பேசப்படுகிறது. பேசும் இடத்தில் நாமும் இருந்தே தீர வேண்டும்!